அரசு ஆஸ்பத்திரியில் உழைப்பவரின் கல்விக் கடனை அரசே அடைக்கட்டும்!

தேர்தல் வந்துவிட்டால் கடன் தள்ளுபடி பற்றிப் பேசாத கட்சி இல்லை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. விவசாயி மூச்சு விட்டான், அல்ஹம்துலில்லாஹ்! அதே ஆண்டு தேர்தல் அறிக்கையில் திமுக தந்த கல்விக் கடன் ரத்து வாக்குறுதியோ ஏட்டிலேயே நின்றுவிட்டது. கேட்டால், கூட்டுறவு வங்கி மாநிலத்தின் கையில், கல்விக் கடன் தேசிய வங்கிகளின் கையில் என்பார்கள். சரி, எல்லோருடைய கடனையும் அடைக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அரசு ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உழைப்பவர்களின் கடனையாவது அடைக்கலாமே! அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மாநில அரசுதானே?

நம் விருத்தாசலத்தில் பியூஸ் கேரியருக்கும் அகல் விளக்குக்கும் அச்சு வார்க்கும் பீங்கான் தொழிலாளி, மகளை நர்சிங் படிக்க வைக்க எங்கே போவான்? வங்கிக்குத்தான் போவான். 4 லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்பது விதி. ஆனால் தகப்பனும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும். படிப்பு முடிந்து ஓராண்டில் அந்தச் சலுகையும் தீர்ந்துவிடும். வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். வட்டியில்லாமல் படிக்க அந்தப் பெண்ணுக்கு என்ன வழி வைத்திருக்கிறோம்?

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்! இரண்டாண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 5,500 கட்ட வேண்டும். மிச்சமுள்ள 2,200-ல் ஒரு பெண் அறை வாடகை கொடுப்பாளா, சோறு தின்பாளா? பிறகு ஊதியம் 14,000 ஆனது, 18,000 ஆனது. ஆனால் கொரோனா காலத்தில் கைதட்டி வரவேற்ற செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் தவணையும் போய்விடுமா?

நம் மாவட்டத்துச் சிதம்பரத்தைப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சம்! மாணவர்கள் ஐம்பது நாளுக்கு மேல் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, கட்டணம் 13,610 ஆனது. முன்பு வாங்கியது அநியாயம் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? ஆனால் அந்த அநியாயக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிப் படித்து முடித்தவருக்கு ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை.

ஜனாஸா வந்தால் 'இவருக்குக் கடன் உண்டா?' என்று விசாரித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். வெற்றிகள் கிடைத்து வசதி வந்தபின், கடனோடு இறந்த முஃமினின் கடனை அடைப்பது தம் பொறுப்பு என்று அறிவித்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஆட்சித் தலைவர் மக்களின் கடனை ஏற்பது நமக்குப் புதிதல்ல. முதலாளித்துவ அமெரிக்காவே 2007-ல் சட்டம் போட்டது: பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் அரசுக் கல்விக் கடனில் மீதி ரத்து. (ஆரம்பத்தில் விண்ணப்பித்தவர்களைப் படாதபாடு படுத்தினார்கள் என்பது வேறு கதை.)

நாம் கேட்பது இதுதான். தொகுப்பூதியத்தில் இருந்தாலும் சரி, அரசு மருத்துவமனையில் பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் ஐந்தில் ஒரு பங்கை அரசு நேராக வங்கியில் கட்டட்டும். ஐந்தாண்டில் கடன் தீரும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆள் கிடைக்கும்.

அதுவரை ஜமாஅத்துகள் கை கட்டி நிற்கலாமா? ஜகாத் பெறும் எட்டு வகையினரில் (9:60) கடனாளியும் ஒருவர். நம் பைத்துல்மால் பட்டியலில் விதவை உண்டு, குமர்காரியம் உண்டு, கல்விக் கடனாளியைக் காண்பது அபூர்வம். நிர்வாகிகளே! வரும் ரமளானுக்கு முன் உங்கள் மஹல்லாவில் கடன் நிலுவையுள்ள நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆசிரியை யார் யார் என்று கணக்கெடுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒரே தவணையில் தீர்த்தால் வட்டியில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள் என்று வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.