யாருடைய கடப்பிதழை வைத்துப் பாதை போடுவது?

செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் நால்வர் முதுகுப்பையுடன் கிளம்பத் திட்டமிட்டோம். ஹனோயில் தொடங்கி, லாவோஸின் லுவாங் பிரபாங் போய், மறுபடியும் வியட்னாமுக்குள் நுழைந்து ஹுவே, கடைசியில் கம்போடியா. மூவரிடம் சிங்கப்பூர்க் கடப்பிதழ். வியட்னாமில் 30 நாள்வரை விசா தேவையில்லை என்பதால் பேருந்துக் கட்டணத்தை மட்டுமே கணக்குப் பார்த்தோம்.

நான்காமவள் இந்தியாவிலிருந்து வந்து எங்களுடன் படிப்பவள். 25 அமெரிக்க டாலர் கட்டி மின்விசா வாங்கிவிட்டாள். அது ஒருமுறை மட்டுமே நுழையும் விசா. அதில் எத்தனை நாள் மிச்சமிருந்தாலும் லாவோஸ் எல்லையைத் தாண்டியதும் கதை முடிந்தது. பலமுறை நுழைய 50 டாலர் விசா வேண்டும். புறப்பட இரண்டு வாரம் இருந்தபோதுதான் கவனித்தோம்.

“நீங்க போங்க, நான் ஹனோயிலிருந்தே திரும்பிடறேன்” என்றாள்.

அவளுடைய கவனக்குறைவு என்று ஒருவன் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஒரே நாட்டுக்குள் இருமுறை நுழையும் பாதையைப் போட்டது நாங்கள். குழுவில் யாருக்கு விசா கடினமோ, அவருடைய கடப்பிதழை வைத்துத்தான் முதலில் பாதை போடவேண்டும். அதனால் வரும் செலவும் பொதுச் செலவே. புதிய விசாவுக்கு ஆளுக்குப் பன்னிரண்டரை டாலர் போட்டோம். எங்கள் பங்கைத் திருப்பித் தர அவள் இன்னும் முயல்கிறாள்.