ஒரு சில்லு சுழல, ஒரு சில்லு நிற்க

உடப்பு ஊரின் மேற்கே கடல்; கிழக்கே முந்தல் களப்பு. இரண்டுக்கும் இடையே கிடப்பதெல்லாம் மணல். வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டிலும் இதே நிலைதான். கணுக்கால் புதையும் இந்த மணலில் அந்நாளில் மாட்டு வண்டிக்காரர் பட்ட பாட்டை இந்நாளில் பிக்கப் வண்டிக்காரர் படுகின்றனர்.

சென்ற மார்கழி விடுமுறையில் அப்பாட்டை நாமும் நேரிற் கண்டோம். எமது மைத்துனர் மீன் வியாபாரி. 1980களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று அவருடைய குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. எஞ்சினின் வலு பின் சில்லுகளுக்கு மட்டும் செல்லும் வண்டி அது. கரைவலை ஏறிய காலை, ஐஸ் இட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து திரும்புகையில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது. இடப் பின் சில்லு மணலை வாரி எமது வேட்டியின்மேல் இறைத்தது. வலப் பின் சில்லோ கெட்டியான தரையில் இருந்துகொண்டு, தனக்கு இதில் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் அசையாது நின்றது. தென்னோலை இட்டும், பத்துப்பேர் தள்ளியும், வண்டி வெளியேற ஒன்றரை மணி நேரம் சென்றது. பெட்டிகளிலிருந்து ஐஸ் நீராக வடிந்துகொண்டிருந்தது. அன்றைய மீன் பாதி விலைக்குத்தான் போயிற்று.

“அத்தான், நீங்கள் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறீர்கள். நல்லாய் நிற்கிற சில்லு ஏன் சும்மா நிற்கிறது?” என்று மைத்துனர் கேட்டார். கேள்வியில் சற்றே கோபமும் இருந்தது.

காரணம் பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியே. வண்டி திரும்பும்போது வெளிச் சில்லு உட்சில்லைவிடக் கூடுதலான தூரம் ஓடவேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர் வியப்படைவர். இரு சில்லுகளுக்கும் இடைத்தூரம் 1.4 மீற்றர் எனின், ஒரு முழு வட்டத்துக்கு வெளிச் சில்லு ஏறக்குறைய 8.8 மீற்றர் அதிகம் ஓடுகிறது. வட்டம் கிணற்றளவாயினும் குளத்தளவாயினும் இந்த வேறுபாடு மாறுவதில்லை! இரு சில்லுகளும் ஒரே தண்டில் இறுகப் பூட்டப்பட்டிருப்பின், திருப்பந்தோறும் ஏதாவதொரு ரயர் தேய்ந்து இழுபட்டே ஆகவேண்டும். பிரான்ஸ் தேசத்துக் கடிகாரக் கைவினைஞரான பெக்கர் என்பார் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு வழி கண்டார். சில்லுகள் வேறு வேறு வேகத்திற் சுழலவும், இரண்டுக்கும் ஒரே அளவான முறுக்கம் செல்லவும் அது இடந்தந்தது. இன்றைய வண்டிகளில் இருப்பதும் அதே தத்துவந்தான்.

ஒரே அளவு என்றோமே, வில்லங்கம் அங்கேதான். மணலிற் சிக்கிய சில்லு 20 பங்கு முறுக்கத்தை மட்டுமே தாங்கிச் சுழல ஆரம்பித்துவிட்டால், கெட்டித் தரையில் நிற்கும் சில்லுக்கும் அதே 20 பங்குதான் கிடைக்கும். அதனால் 200 பங்கு தாங்க முடியும் என்பது டிபரன்ஷியலுக்குத் தெரியாது. பந்தியில் உண்ணமாட்டாத ஒருவனுக்கு இட்ட அளவையே பசித்தவனுக்கும் இடுகின்ற பரிமாறலைப் போன்றது இது. நிற்கும் சில்லின் சுழற்சியும் சேர்ந்து மற்றதற்கே போய்விடுவதால், சுழல்கின்ற சில்லு இரு மடங்கு வேகத்திற் சுழன்று தன் குழியைத் தானே தோண்டுகிறது.

ஆகவே வேண்டியபோது இரு சில்லுகளையும் பிணைக்கும் ஒரு பூட்டு அவசியம். எந்தப் பூட்டு என்பதில்தான் எமக்கும் மைத்துனருக்கும் வாதம் மூண்டது. கராஜ் பாஸ் ஒருவர், உள்ளேயிருக்கும் சிறு பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று ஆசை காட்டியிருந்தார். செலவும் சொற்பந்தான். மணலில் அது நன்றாகவே வேலை செய்யும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வண்டி மணலில் மட்டுமா ஓடுகிறது? காலையில் மீன் ஏற்றும் அதே வண்டிதான் மாலையில் எமது மருமக்களை ரியூஷன் வகுப்புக்குப் புத்தளம் வீதியால் ஏற்றிச் செல்கிறது. ஒட்டப்பட்ட அச்சு தார் வீதியில் திரும்ப மறுக்கும். முன் சில்லுகளை நேரே தள்ளும். அச்சுத் தண்டுகள் நாளடைவில் முறுகி உடையும். மழை பெய்த வீதியில் இரு பின் சில்லுகளும் ஒருங்கே பிடிப்பை இழந்தால் வண்டியின் வால் ஒருபுறம் வீசப்படும். இதைக் கேட்டதும் எமது மனையாள், தன் தம்பியிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனாள். வெல்டிங் பேச்சு அத்துடன் முடிந்தது.

அடுத்தது, உராய்வுத் தட்டுகளைக் கொண்டு வழுக்கலைக் குறைக்கும் வகை. அமெரிக்கப் பக்கார்ட் கார்களில் 1956ஆம் ஆண்டிலேயே இது வந்துவிட்டது. வீதிக்கு இது இதமானது. ஆனால் ஒரு சில்லு முற்றாகப் பிடிப்பிழந்தால் இதன் உதவி அற்பமே. தட்டுகளும் தேயும். தானே பூட்டித் தானே திறக்கும் வகையும் உண்டு. பழைய உறையைக் கழற்றாமல் சிறு பற்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே பொருத்தத்தக்கவை அவற்றுள் மலிவானவை. மணலுக்கு அவை கெட்டிதான். ஆயினும் பூட்டும் நேரத்தை ஓட்டுநர் அல்லர், பூட்டே தீர்மானிக்கிறது. பின்புறம் பாரமின்றி வெறுமையாக ஓடும் பிக்கப்பில், ஈரத் திருப்பத்தில், அந்தத் தீர்மானத்தை ஓர் இயந்திரத்திடம் விட நாம் விரும்பவில்லை.

எஞ்சியது ஓட்டுநர் விசையை அழுத்தினால் மட்டும் பூட்டும் வகை. விலை அதிகம். மற்ற நேரங்களில் வண்டி பழைய வண்டியாகவே ஓடும். மின்சாரத்தால் பூட்டுவதும் உண்டு. காற்றின் அழுத்தத்தால் பூட்டுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தார் செய்யும் காற்றுப் பூட்டு பேர்பெற்றது. மின் பூட்டில் உறுப்புகள் குறைவுதான். ஆனால் உப்பளங்கள் நிறைந்த மாவட்டம் இது. வண்டிக்கு அடியில் ஓடும் கம்பி இணைப்புகளை உப்புக் காற்று என்ன பாடுபடுத்தும் என்பதைக் கரையோரத்தார் அறிவர். காற்றுப் பூட்டின் பம்பையோ ஆசனத்தின் கீழே, உப்புப் படாமல் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பம்பினால் இன்னொரு நன்மையும் உண்டு. எமது மனத்தைச் சாய்த்ததும் அதுவே. மணலில் இறங்குமுன் ரயர்க் காற்றை 30 இறாத்தலிலிருந்து 18 இறாத்தல்வரை குறைத்தால் ரயர் பரந்து படிந்து, புதைவதற்குப் பதிலாக மிதந்து செல்லும். காசு செலவில்லாத இந்த வைத்தியத்தைப் பலர் செய்யாதிருப்பது, தார் வீதிக்கு வந்ததும் காற்றடிக்க வழியில்லாமையால். குறைந்த காற்றுடன் பாரத்தை ஏற்றி வீதியில் ஓடினால் ரயர் சூடேறிக் கெடும். பூட்டுக்காக வாங்கும் பம்பே ரயருக்கும் காற்றடித்துவிடும். உண்மையைச் சொல்வதானால், ரயர்க் காற்றைக் குறைத்துப் பழகிய பின் பூட்டின் தேவை பாதியாகிவிடும். இதை மைத்துனரிடம் சொன்னபோது, “அப்படியானால் பம்பை மட்டும் வாங்குவோமா?” என்றார். வியாபாரியல்லவா! அது மூடத்தனமான கேள்வியன்று. ஒரு மாதம் அப்படியே பரீட்சித்துப் பார்க்கச் சொன்னோம். பார்த்தார். வெறும் வண்டி மிதந்து வந்தது. பாரம் ஏற்றிய நாளில், களப்பு ஓரத்துச் சேற்றில் மீண்டும் ஒரு சில்லு சுழன்றது.

இவ்வளவு செலவில் பழைய வண்டிக்குப் பூட்டு எதற்கு, புதிய வண்டி வாங்கலாமே என்பார் உளர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தபின் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுவந்த மைத்துனர், வீட்டுக்கு வந்ததும் பழைய ஹைலக்ஸைக் கழுவி நிறுத்தினார்.

பூட்டு வந்தபின் செய்யவேண்டியவற்றை இப்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சில்லு சுழன்றுகொண்டிருக்கையில் பூட்டலாகாது. வண்டியை நிறுத்தியபின்னரே விசையை அழுத்தவேண்டும். இயன்றவரை நேராகவே ஓட்டவேண்டும். தார் வீதியில் ஏறுமுன் பூட்டைத் திறந்துவிடவேண்டும். இத்தாளை மருமகன் வண்டியின் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிறான்.

ஓர்டர் கொடுக்குமுன் மிக முக்கியமான வேலை ஒன்று இருந்தது. அச்சுத் தண்டின் முனையிலுள்ள பற்களின் எண்ணிக்கை பூட்டினுள்ளிருக்கும் பற்களின் எண்ணிக்கையோடு ஒத்திருக்கவேண்டும். ஒன்று பிசகினாலும் வந்த பொருள் பெட்டியிலேயே கிடக்கும். சென்ற சனிக்கிழமை கராஜில் தண்டை உருவியெடுத்தார்கள். மருமகன் எண்ணிவிட்டுத் தொலைபேசியில் “29, மாமா” என்றான். ஒரு பல்லில் சோக்குக் கட்டியால் அடையாளமிட்டு, அதிலிருந்து தொடங்கி மறுபடி எண்ணச் சொன்னோம். சிறிது நேரம் மௌனம். பின்பு, “30” என்றான். மூன்றாம் முறையும் எண்ணச் சொல்லியிருக்கிறோம்.