பட்டா இல்லாத மனை

2008 ஜூலையில் கூகுள் ‘லைவ்லி’ என்றொரு முப்பரிமாண அரட்டை உலகைத் திறந்தது. ஆளுக்கோர் அறை அமைத்து, சோபா போட்டு, சுவரில் படம் மாட்டி, தனக்கென ஓர் அவதாரையும் செய்துகொண்டு நண்பர்களைக் கூப்பிடலாம். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று கடையைக் கட்டிவிட்டார்கள். ஆறு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. மூடும்போது பயனர்களுக்குக் கூகுள் சொன்ன யோசனைதான் கவனிக்க வேண்டியது: உங்கள் அறைகளை வீடியோவும் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றது. சுற்றி நடந்து பார்த்த அறைக்குப் பதிலாக, தட்டையான ஒரு படம் மிஞ்சியது.

லைவ்லி தனி விபத்து அல்ல. முப்பரிமாண மாதிரிகளைப் பகிர கூகுளே 2017-ல் தொடங்கிய ‘பாலி’ தளம் 2021-ல் மூடப்பட்டது. வகுப்பறையிலிருந்து மாணவர்களை மெய்நிகர் சுற்றுலா அழைத்துப்போக ஆசிரியர்கள் பயன்படுத்திய ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ செயலிக்கும் அதே ஆண்டு அதே கதி. நாடகம், கூட்டம், பிரார்த்தனை என்று மக்கள் கூடிய ‘ஆல்ட்ஸ்பேஸ்’ உலகை 2017-ல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2023 மார்ச் 10 அன்று அணைத்துவிட்டது. மெட்டா இன்னும் மெய்நிகர் துறைக்குச் செலவு செய்துகொண்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் அதன் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2024-ல் மட்டும் காட்டிய இயக்க நஷ்டம் 1,700 கோடி டாலருக்கு மேல். இப்படி நஷ்டத்தில் ஓடும் பிரிவைப் பங்குதாரர்கள் எத்தனை காலம் பொறுப்பார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிறது, அந்தப் பிரிவின் தளத்தில் உலகம் கட்டியவர் கையில் இல்லை. என் வாதம் இதுதான்: இணையத்தில் முப்பரிமாண உலகம் கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, கட்டியதைக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியுமா என்பதையே. முடியாதென்றால், எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது பட்டா இல்லாத மனையில் எழுப்பிய மாளிகை.

“இணையத்தில் எதுதான் நிலைக்கிறது, சாதாரண வலைப்பக்கங்களும் அழியத்தானே செய்கின்றன” என்று சொல்லலாம். அழிகின்றனதான். ஆனால் 2009-ல் யாஹூ தன் ‘ஜியோசிட்டீஸ்’ தளத்தை மூடியபோது தன்னார்வலர்கள் முந்திக்கொண்டு ஏராளமான பக்கங்களை நகலெடுத்துக் காப்பாற்றினார்கள். பக்கம் என்பது யாரும் திறக்கக்கூடிய எச்டிஎம்எல் கோப்பாக இருந்ததால்தான் அது நடந்தது. லைவ்லி போன்ற உலகின் இயக்கமோ கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. கதவைத் தொட்டால் திறக்க வேண்டும், இருவர் வந்தால் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறது. சர்வர் நின்றால் வெளியிலிருந்து நகலெடுக்க ஒன்றும் இருக்காது.

வேறு வழி இருந்தது, வெகுகாலம் முன்பே. மார்க் பெஸ்ஸியும் டோனி பாரிசியும் 1994-ல் முன்னெடுத்த விஆர்எம்எல் என்ற திறந்த முப்பரிமாணக் கோப்பு வடிவம், 1997-ல் ஐஎஸ்ஓ தரமானது. அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றை இன்று நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் விஆர்எம்எல் என்ற பெயரும் பதிப்பு எண்ணும். கீழே ஒரு வடிவம், அது பெட்டி, அதன் அளவு 2, 2, 2, அதன் நிறம் 1, 0, 0, அதாவது சிவப்பு. பெட்டியைத் தொட்டால் என்ன நகர வேண்டும், எந்தக் கதவைச் சொடுக்கினால் எந்த இணைய முகவரிக்குப் போக வேண்டும் என்பதும் அதே கோப்பில், படித்தால் புரிகிற எழுத்தில். எழுதியவரின் கம்பெனி இருக்கிறதா, செத்ததா என்று அந்தக் கோப்புக்குக் கவலையில்லை.

விஆர்எம்எல் தோற்றுப்போனதே என்பது அடுத்த கேள்வி. சந்தையில் தோற்றது, மறுக்கவில்லை. ஆனால் தோற்றதற்குத் திறந்த தரம் காரணமல்ல. டெலிபோன் மோடம் வழியே சொட்டிக்கொண்டிருந்த இணையத்தில், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினியில், தனியாக ஒரு பிளக்-இன் இறக்கி நிறுவினால்தான் அந்த உலகம் தெரிந்தது. 2011-ல் வெப்ஜிஎல் வந்து முப்பரிமாணத்தை பிரவுசருக்குள்ளேயே கொண்டுவந்தது. 2015-ல் மொஸில்லா வெளியிட்ட ஏ-ஃபிரேம் என்ற கருவியில், வலைப்பக்கம் எழுதத் தெரிந்த மாணவர் ஒரே வரியில் பெட்டி வரையலாம். வெப்எக்ஸ்ஆர் என்ற திறந்த தரத்தின் வழியாக, தலையில் மாட்டும் மெட்டா குவெஸ்டின் பிரவுசரும் ஆப்பிள் விஷன் புரோவின் சஃபாரியும் அதே பக்கத்தைக் கண்ணுக்கு முன் விரிக்கின்றன. காலம் முந்திப் பிறந்த யோசனை விஆர்எம்எல்.

கனமான ஆட்சேபம் வேறு. மனிதர் இல்லாத உலகம் எதற்கு? கூட்டம் ரோப்ளாக்சிலும் மைன்கிராஃப்டிலும் இருக்கிறது. நேரடிக் குரல், ஒரே நேரத்தில் நூறு பேர், குழந்தைகளைத் தொந்தரவு செய்வோரைக் கண்டுபிடித்து வெளியேற்றுவது எல்லாம் பணமும் ஆளும் கேட்கிற வேலைகள். இதில் பாதிக்கு மேல் நியாயம். மொஸில்லா நடத்திய ‘ஹப்ஸ்’ என்ற மெய்நிகர் சந்திப்பிடம் திறந்த நிரலில் அமைந்தது. ஆனாலும் மொஸில்லா 2024 மே மாதம் விலகிக்கொண்டது. நிரல் திறந்திருப்பதாலேயே மின் கட்டணம் கட்டப்பட்டுவிடாது. ஆனால் விலகிய பிறகு நடந்தது லைவ்லியில் நடந்ததல்ல. நிரலை எடுத்து ஒரு தன்னார்வ அமைப்பு தொடர்கிறது. விரும்பியவர் தன் சொந்த சர்வரில் ஓட்டலாம். ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகின் கதையும் பாடம் சொல்கிறது. படைப்பின் உரிமை படைத்தவருக்கே என்று 2003-லேயே அதை நடத்தும் லிண்டன் லேப் அறிவித்துப் பெயர் வாங்கியது. காகிதத்தில் உரிமை வந்ததே தவிர, கட்டியது ஓடியது அவர்கள் சர்வரில் மட்டும்தான். 2007-ல் ‘ஓபன்சிமுலேட்டர்’ என்ற திறந்த நிரல் தொடங்கப்பட்ட பிறகுதான் அதைப் போன்ற உலகை வெளியே நடத்தவே இடம் கிடைத்தது. கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போவதில் தப்பில்லை. மூலக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் தனி அக்கறை ஒன்றும் உண்டு. முப்பரிமாண உலகம் செய்ய உதவும் யூனிட்டி மென்பொருளில் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ்புரோ என்ற எழுத்துக் கருவியில் ‘தெரு’ என்று அடித்தால், கொம்பு த-வுக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்தான் சேமிக்கப்படுகிறது. முன்னால் கொண்டுவந்து வரைவது வடிவமைப்பு நிரலின் வேலை, அந்தக் கருவி நெடுங்காலம் அதைச் செய்யவேயில்லை. பிரவுசர்களோ பல ஆண்டுகளாகத் தமிழை ஒழுங்காக வரைகின்றன. திறந்த நிரலில் பிழை இருந்தால் தெரிந்தவர் திருத்தி அனுப்பலாம். மூடிய கருவியில் நம் கொம்பு எப்போது இடம் மாறும் என்று கம்பெனியின் வெளியீட்டுப் பட்டியலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தனி ஆள் தன் பொழுதுபோக்குக்கு எங்கே கட்டினாலும் அது அவர் விருப்பம். அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், சுற்றுலாத் துறை போன்றவை மக்கள் பணத்தில் மெய்நிகர் உலகம் செய்யச் சொல்லும்போது அந்தச் சலுகை கிடையாது. முப்பரிமாண மாதிரிகளுக்கு ஜிஎல்டிஎஃப் என்ற திறந்த வடிவம் இருக்கிறது. 2022-ல் அதுவும் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளே அதைப் படிக்கும், எழுதும். ஆகவே டெண்டரில் இரண்டு நிபந்தனை சேருங்கள்: எல்லா மாதிரிகளும் ஜிஎல்டிஎஃப் கோப்பாகத் துறையின் கைக்கு வர வேண்டும், உலகம் எந்த பிரவுசரிலும் திறக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.