கிளியர் கோட்: ஒரு டப்பாவா, இரண்டு டப்பாவா?

ஏர்பிரஷ்ஷில் படம் வரைய ஆசைப்படுகிறவன் முதலில் வாங்குவது ஒரு சின்ன ஏர்பிரஷ், ஒரு குட்டி கம்ப்ரசர், நாலைந்து கலர். கலர் பெரும்பாலும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக். ஒரு நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் அதுவரைக்கும் பெரிய வம்பு இல்லை. வம்பு ஆரம்பிப்பது படம் முடிந்த பிறகுதான். புலியோ, அய்யனாரோ, தலைவர் முகமோ... மேலே கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு வேண்டும். உடனே பெயிண்ட் கடைக்கு ஓடுகிறான். "கார்க்கு அடிக்கிற கிளியர்தான் நிக்கும் தம்பி" என்று கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைக்கிறார். ஒன்று கிளியர், இன்னொன்று ஹார்டனர்.

அந்த இரண்டாவது டப்பாவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கார் பெயிண்ட் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வகை ரசாயனம். 1937ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரிதேனைக் கண்டுபிடித்ததிலிருந்து இந்தக் குடும்பம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 1984 டிசம்பர் 2ம் தேதி இரவு போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் இதே குடும்பம்தான். அதற்காக இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துவது நியாயமில்லை. போபாலில் கசிந்தது சுலபமாக ஆவியாகிற சரக்கு. ஹார்டனரில் இருப்பது டப்பாவுக்குள் இருக்கும்வரை அவ்வளவாக ஆவியாகாது. ஆனால் ஸ்ப்ரே கன் அதைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து காற்றில் ஏற்றிவிடுகிறதே, அதுதான் சிக்கல். அந்தத் துளிகள் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அடித்து முடித்த பிறகும் அறைக்குள் மிதந்துகொண்டே இருக்கும்.

நுரையீரல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமையாகிவிட்டால் அதன் பிறகு துளியூண்டு பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்க ஆரம்பிக்கும். சில சமயம் அடித்த நேரத்தில் ஒன்றும் இருக்காது, ராத்திரி படுத்த பிறகுதான் இருமல் வரும். அதனால் பெயிண்ட் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. 'தூசி ஒத்துக்கல' என்று கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர்களுக்கு வேலையால் ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற தொழிலாளர்களைவிட சுமார் 80 மடங்கு அதிகம் என்று எச்சரித்திருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2023 ஆகஸ்டிலிருந்து பயிற்சி எடுக்காதவர் இந்த வகைச் சரக்கைத் தொழிலில் பயன்படுத்தவே கூடாது. இங்கே பதினெட்டு வயதுப் பையன் கேட்டாலும் ஒரு கேள்வி இல்லாமல் கிடைக்கிறது.

"முப்பது வருஷமா மூஞ்சில துண்டு கட்டிக்கிட்டு லாரிக்கு அடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பட்டறைகளில் கேட்பது வழக்கம். நாமக்கல், திருச்செங்கோடு லாரிகளின் அழகெல்லாம் இப்படிப்பட்ட கைகள் செய்ததுதான், மறுக்க முடியாது. ஆனால் முப்பது வருஷம் தாங்கியவர்தானே இன்றைக்குப் பட்டறையில் நின்று பேசுகிறார்? மூன்றாம் வருஷமே இழுப்பு வந்து வேலையை விட்டவர் அந்த உரையாடலில் இல்லை. லாபம் பார்த்த கடையை மட்டும் எண்ணி, மூடிய கடைகளை விட்டுவிட்டு வியாபாரம் அமோகம் என்று கணக்கெழுதுவது போலத்தான் இது.

பட்டறைக்கும் வீட்டுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் தூசி. தர்மபுரி மாவட்டத்தில் செம்மண் தூசிக்குப் பஞ்சமே இல்லை. ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம். ஈரமான கிளியர் மேல் ஒரு மணல் துகள் விழுந்தாலும் படம் கெட்டுவிடும். அதனால் பையன் என்ன செய்கிறான்? கதவைச் சாத்துகிறான், ஜன்னலை அடைக்கிறான். படத்துக்குப் பாதுகாப்பு, அடிக்கிறவனுக்கு ஆபத்து! அடுத்த அறையில் பாட்டி படுத்திருப்பாள், தங்கை ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருப்பாள். போதாததற்கு தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சமையலறை அடுப்புவரை போகும். பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

2020க்குப் பிறகு வீட்டுக்கு வீடு என்95 மாஸ்க் கிடக்கிறது. அது துகளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி கேட்ரிட்ஜ் மாஸ்க் ஆவியைப் பிடிக்கும். ஆனால் ஐசோசயனேட்டுக்கு அதை நம்பி இறங்க முடியாது, கேட்ரிட்ஜ் தீர்ந்து உள்ளே வர ஆரம்பித்தால் வாசனை காட்டிக்கொடுக்காது. பட்டறைகளில் இதற்குச் சொல்லப்படுவது வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி. வீட்டில் அது நடக்கிற காரியமா?

ஆகவே வீட்டில் அடிப்பவனுக்குத் தண்ணீர் சார்ந்த, ஒற்றை டப்பாவில் வரும் அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் வார்னிஷ்தான் சரி. 'வாட்டர் பேஸ்டு' என்று எழுதியிருந்தாலே போதாது. அதிலும் ஹார்டனர் கலக்கும் ரகம் உண்டு. கூட இரண்டாவது டப்பா வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஸ்ப்ரே கேனில் வரும் சாதாரண லாக்கரில் ஹார்டனர் இருக்காது, ஆனால் தின்னர் சங்கதி அப்படியே இருக்கும். தண்ணீர் வார்னிஷ் டப்பாவில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வெள்ளை மூட்டம் போட்டு நிற்கும். மெல்லிசாக நாலைந்து கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மரத்திலோ கேன்வாஸிலோ வரைந்த படமென்றால் முதல் கோட்டை மட்டும் லேசாக ஸ்ப்ரே செய்து, மற்றதை நல்ல பிரஷ்ஷால் தீட்டினாலே போதும். காற்றில் மிதக்க ஒன்றும் இருக்காது.

தூசிக்கு வழி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. விடியற்காலையில் வாசல் தெளித்த பிறகு அரை மணி நேரம் மண் அடங்கியிருக்கும், காற்றும் சும்மா இருக்கும். ஸ்ப்ரே செய்ய அதைவிட நல்ல நேரம் கிடையாது. மார்கழிப் பனியில் மட்டும் வேண்டாம், காயாது. இந்த வேலைக்கு அந்த என்95 சரியாகப் பொருந்தும்.

கார் கிளியர் அளவுக்கு இது மினுங்காது என்பது உண்மை. 2000 நம்பர் எமரி பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போட்டாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்தக் கொஞ்சம் யாருக்காக? பார்க்கிறவன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

ஹெல்மெட் விஷயம் வேறு. பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஓடுகளைத் தின்னர் உள்ளுக்குள் பலவீனமாக்கும். பார்த்தால் தெரியாது, விழும்போதுதான் தெரியும். தயாரித்த கம்பெனி அனுமதிக்காத எதையும் ஓட்டுகிற ஹெல்மெட்டில் அடிக்காமல் இருப்பது நல்லது. ஷோகேஸில் வைக்கிற பழைய ஹெல்மெட்டில் தாராளமாக வரையட்டும்.

பெட்ரோல் டேங்க்கில் மட்டும் தண்ணீர் வார்னிஷ் தோற்றுப்போகும். பங்க்கில் இரண்டு சொட்டு வழிந்தால் போதும், மெழுகு மாதிரி இளகிவிடும். அங்கே ஹார்டனர் கிளியர்தான் நிற்கும். அதற்கு படத்தை வீட்டில் வரைந்துவிட்டு, கடைசிக் கோட்டை மட்டும் ஸ்ப்ரே பூத் வைத்திருக்கும் கார் பட்டறையில் அடித்து வாங்கலாம். சேலத்துக்கோ ஓசூருக்கோ ஒரு நடை, கூலி கொஞ்சம் கூட. கொடுக்கும்போது கீழே இருப்பது என்ன கலர், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளியர் பட்டதும் படம் சுருங்கிப்போகும்.