கணக்கு யாருடையது?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும், மயிலாப்பூர் மாட வீதிகளிலும், அடையாற்றிலும் கடை வைத்திருக்கும் வியாபாரத் தோழர்களில் அநேகர் சிட்டையும் பேரேடும் எழுதுவதை விட்டு நாளாகிவிட்டது. கணக்கெல்லாம் இப்போது கிளவுட் என்று சொல்லப்படும், எங்கேயோ இருக்கிற யந்திரத்தில் இருக்கின்றது. இதை நாம் குறை கூற வரவில்லை. கரையானும் வெள்ளமும் தின்னாத கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் நம்முடைய கேள்வி.

நோட்டுப் புத்தகம் விற்ற கடைக்காரன், “இவ்வருஷப் பணம் கட்டவில்லை, ஆகையால் போன வருஷம் நீ எழுதியதை நீ பார்க்கக் கூடாது” என்று சொன்னால் அவனுக்குப் பைத்தியம் என்போம். மென்பொருள் கம்பெனி அதையே சொன்னால், “ஒப்பந்தத்தில் அப்படித்தானே இருக்கிறது” என்று தலையாட்டுகிறோம். அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் யார்? படித்துப் பார்த்துச் சம்மதித்த வியாபாரிகள் எத்தனை பேர்? பாக்கி இருந்தால் கோர்ட்டில் வசூலிக்கட்டும். கணக்கைப் பிணையாகப் பிடித்து வைக்க இவர்களுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

இது வெறும் கற்பனைப் பயமல்ல. அமெரிக்க இன்ட்யூட் கம்பெனி தனது குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளை இந்தியாவில் நிறுத்தப்போவதாக 2022-ல் அறிவித்து, 2023-ல் நிறுத்தியும் விட்டது. முன்கூட்டிச் சொன்னது யோக்கியமான காரியந்தான். ஆனாலும் வருஷக் கணக்காய்ச் சேர்த்த விபரங்களை இறக்கி வேறிடத்தில் ஏற்றும் சிரமம் வியாபாரி தலையில்தான் விழுந்தது. 2025 ஜூலையில், ஐரோப்பிய யூனியன் ரஷ்யத் தொடர்பைக் காட்டித் தடை விதித்ததும், நயாரா எனர்ஜி என்னும் இந்திய எண்ணெய்க் கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்திற்று. பணம் முழுதும் கட்டியிருந்தும் தன் சொந்த விபரங்களையே தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று; சில நாட்களில் சேவையும் திரும்பிற்று. உஸ்மான் ரோட்டுப் பாத்திரக் கடைக்காரர் எந்த ஹைகோர்ட்டுக்குப் போவார்?

சர்க்கார் சட்டமோ வியாபாரியைத்தான் பிடிக்கின்றது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனி 8 வருஷக் கணக்கை வைத்திருந்தாக வேண்டும். மின்கணக்கானால் அது எப்போதும் இந்தியாவில் பார்க்கக் கூடியதாகவும், அதன் நகல் தினந்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் சேருவதாகவும் இருக்க வேண்டுமென்று 2022-ல் விதியைத் திருத்தினார்கள். ஜி.எஸ்.டி. சட்டமும், வருஷாந்திர ரிட்டர்ன் கெடு முடிந்து 72 மாதம் வரை கணக்கைக் காட்டு என்கிறது. காட்டாவிட்டால் தண்டனை கடைக்காரருக்கு. சாவியோ இன்னொருவன் கையில்! 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி மனிதர்களின் விபரங்களைப் பற்றியதே. கடைக் கணக்கைப் பற்றியதல்ல. விபரத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது. சட்டமாகும்போது அதுவும் காணாமற் போயிற்று.

ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கும் தரவுச் சட்டம், வாடிக்கைக்காரன் விலகும்போது அவன் விபரங்களைக் கொண்டுபோக விட்டாக வேண்டும், பிறகும் குறைந்தது 30 நாளாவது எடுத்துக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. 2027 ஜனவரி 12 முதல் அதற்குக் கட்டணமும் கேட்கக் கூடாது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்று கேட்கின்றோம்.

நம்மவர் அசட்டையும் கொஞ்சமல்ல. ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசுகிறவர், அதிலுள்ள கணக்கு யார் பெயரில், யாருடைய ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. பல கடைகளில் அது ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தாவின் ஈமெயிலாகவோ, மென்பொருள் விற்ற ஏஜெண்டின் ஈமெயிலாகவோ இருக்கும். மனஸ்தாபம் வந்த அன்றுதான் முதலாளிக்குத் தன் கடையிலேயே தான் அந்நியன் என்று தெரியும். இறக்கிக்கொள்ள வழியுண்டு என்று கம்பெனி சொன்னாலும், கிடைப்பது வெறும் எக்செல் தொகையா, பில் நகல்களும் திருத்தச் சரித்திரமும் சேர்ந்தா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே வியாபாரிகள் சங்கங்கள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி இரு சர்க்காருக்கும் அனுப்பட்டும்: சந்தா நின்றாலும் 72 மாதக் கணக்கும் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும், கேட்ட 30 நாளுக்குள் முழு நகலும் கட்டணமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். அதுவரை மார்ச் 31 கணக்கு முடிந்த மறுநாளே ஒரு முழு நகலை இறக்கித் தம் பெட்டியில் வைத்துக்கொள்வார்களாக.