மருத்துவமனை முதல்வர் அவர்களின் சமூகத்திற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் சங்கத்தார் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிர்வாகத்தின்கீழ் இரவும் பகலும் ஊழியம் புரிந்துவரும் செவிலியராகிய நாங்கள், ஊதிய உயர்வையோ விடுமுறையையோ வேண்டி இம்மனுவைச் சமர்ப்பிக்கவில்லை (அவற்றுக்கு வேறு மனு உண்டு). எங்களுக்குள்ளும் மருத்துவர்களோடும் பேசிக்கொள்வதற்கு நேரமும் முறையும் வேண்டுமென்பதே எங்கள் பிரார்த்தனை.

ரவுண்ட்ஸில் வந்த மருத்துவர் நோர்அட்ரினலின் அளவைக் குறைக்கச் சொல்லிப் போக, அரைமணி கழித்து மயக்கவியல் மருத்துவர் தொலைபேசியில் அப்படியே ஓடட்டும் என்று உத்தரவிட, இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு சிரிஞ்ச் பம்ப்பின் முன் தனித்து நிற்பவர் செவிலியரே. சென்ற மாதம் ஒரு நள்ளிரவில், நோயாளி ஒருவரின் மனைவி, "இனி நம்பிக்கையில்லை என்று டாக்டர் சொன்னாராமே, மெய்தானா சிஸ்டர்?" என்று கேட்க, அவ்வாறு சொல்லப்பட்டதையே அறியாத எங்கள் சகோதரி ஒருவர், "டாக்டர் வந்து சொல்வார்" என்ற வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு, மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நெடுநேரம் நின்றார். அன்றிரவு அவர் பொறுப்பில் இருந்தவர்கள் இரண்டே நோயாளிகள்; வேலைப் பளுவைக் குறைகூற இடமில்லை.

பணிச்சோர்வு என்பது நோயன்று, உத்தியோகச் சூழலின் விளைவே என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்திருக்க, இங்கோ அதற்குப் பரிகாரமாக எங்களுக்கு யோகாசன வகுப்பு நடத்தப்பட்டது. அதற்கு நன்றியுடையோம்; ஆயினும் ஓய்வு நேரத்தைக் கொடுத்தே அவ்வகுப்புக்கு வர வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் புரோனவோஸ்ட் முதலானோர், ஒவ்வொரு நோயாளிக்கும் அன்று செய்ய வேண்டியதை ஒரே தாளில் எழுதிவைக்கும் வழக்கத்தைக் கொணர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அன்றைய இலக்கை அறிந்திருந்த பயிற்சி மருத்துவரும் செவிலியரும் முன்பு நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பின்னரோ 95-க்கு மேல். காகிதச் செலவு தவிர வேறு செலவில்லாத இவ்வழக்கத்தை இங்கும் தொடங்க வேண்டுகிறோம்.

ஷிப்ட் மாறுகையில் படுக்கையருகே நின்று பொறுப்பை ஒப்படைக்கும் கால்மணி நேரத்தைப் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும். வாய்மொழி உத்தரவைச் செவிலியர் திருப்பிச் சொல்ல, மருத்துவர் ஆமோதித்த பின்னரே அது உத்தரவாக வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமாக, உறவினரிடம் துயரச் செய்தி சொல்லப்படும்போது அந்நோயாளியின் செவிலியரும் உடனிருக்கவும், சொன்ன வார்த்தைகள் கேஸ் ஷீட்டில் பதியப்படவும் ஆக்ஞை பிறப்பிக்கக் கோருகிறோம்.

முதற்கண் ஒரு வார்டில் மூன்று மாதம் இவற்றைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அன்றைய இலக்கை எழுதுவதற்கான மாதிரித் தாளை எங்கள் கையெழுத்திலேயே எழுதி இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவரும் செயலாளரும்