ஆப் வெளியிட்ட மறுநாள் யார் பார்த்துப்பாங்க?



நம் வகுப்பு சார்பில் ஒரு ஆப் செய்து கூகுள் பிளே ஸ்டோரில் போடப்போவதாக ஒரு மாதமாகப் பேச்சு. கணக்கு தொடங்க ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டணும். நம்ம காசில் இரண்டாயிரத்துக்கு மேல். வசூலும் ஆரம்பிச்சாச்சு. என்ன ஆப் என்பதில்தான் சண்டை. க்விஸ் கேம் என்கிறது ஒரு கோஷ்டி, சாட் என்கிறது இன்னொரு கோஷ்டி. ஐகான் என்ன கலர் என்றுகூட முடிவு பண்ணிட்டாங்க! மறுநாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் கேட்கக் காரணம் இருக்கு. போன வருஷம் டவுன்ஷிப் பஸ் நேரத்தை வைத்து ஒரு சின்ன ஆப் செய்து நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். எல்லோரும் சபாஷ் சொன்னாங்க. அத்தோடு மறந்துட்டேன். நடுவில் நேரம் மாறிப்போச்சு. பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை அதை நம்பிப் போய், கடலூர் பஸ்ஸை விட்டுட்டு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்னாங்க. "மாத்த மாட்டேன்னா எதுக்குடா தம்பி குடுத்தே?" என்றார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்து வந்தவர். போனில் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்ப 'செல்லினம்' செய்தார். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில், ஒலி 96.8 வானொலியோடு சேர்ந்து வெளியிட்டார். பட்டன் போன் காலம் அது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. யூனிகோடு தமிழுக்கு 70தான். அதிலும் 'மு' என்பது இரண்டாகக் கணக்கு! வாங்குகிறவர் போனுக்குத் தமிழ் தெரியாவிட்டால் வெறும் கட்டம்தான் வரும். நமக்கு ஆப் இருந்தால் போதாது, எதிராளிக்கும் வேணும். வானொலியோடு சேர்ந்தது எவ்வளவு நல்ல யோசனை என்று இதிலிருந்தே தெரியும்.

அப்புறம் பட்டன் போனே போயிடுச்சு. அவர் விடவில்லை. 2009-ல் ஐபோனுக்கு, 2012-ல் ஆண்ட்ராய்டுக்கு என்று திரும்பத் திரும்பச் செய்தார். வெளியிட்டது ஒரு நாள்; பார்த்துக்கொண்டது பல வருஷம்.

நம்ம சுரங்கத்தையே பாருங்களேன். 1957-ல் நேரு தொடங்கி வைத்தார், நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். அதோடு முடிந்ததா? அடியில் இருக்கிற ஊற்று நீரை இன்றைக்கும் இரவு பகலாகப் பம்ப் இறைத்துக்கொண்டுதான் இருக்கு. நிறுத்தினால் சுரங்கம் குளம்.

கூகுளும் இப்போது சும்மா விடுவதில்லை. புதுசாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் ஆப்பைச் சோதித்துப் பார்க்கணும். கணக்கு வைத்திருப்பவருக்கு 18 வயது ஆகியிருக்கணும். ஆக, பெயர் நம்முடையதல்ல, யாரோ ஒரு அப்பாவுடையது. நாம் பாதியில் விட்டால் கெடுவது அவர் பெயர். இதை வசூல் பண்ணுகிறவங்க சொன்னாங்களா?

க்விஸும் சாட்டும் ஆயிரம் இருக்கு. நம்ம ஊர் பஸ் நேரத்தை நம்மளை விட்டா யார் எழுதுவா? ஆனால் ஒரு நிபந்தனை. வாரம் ஒருமுறை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நேரம் விசாரித்து வர மூன்று பேர் வேணும், பரீட்சை வாரத்திலும். ஆள் கிடைக்காவிட்டால் வசூல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கீழே மூன்று கோடு போட்டு இடம் விட்டிருக்கேன். முதல் கோட்டில் என் பெயர் இருக்கு. மற்றவர்கள் பேனாவால் எழுதவும், பென்சில் வேண்டாம்.

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்